கைக்குழந்தை சளிக்கு சிரப் வேண்டாம்

ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் தொட்டில் கட்டிய வீடுகளில் மூக்கடைப்புச் சத்தம்தான். பால் குடிக்க வாய் வைக்கும் பிள்ளை, மூச்சு முட்டி இரண்டு வாய் உறிஞ்சியதும் விலகி அழும். தாய்க்கு மனசு தாங்காது. மருந்துக்கடைக்கு ஆள் ஓடும்.

அந்த ஓட்டத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிப்' சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அந்த ஆண்டு அக்டோபரிலேயே அறிவுறுத்தியது. நச்சே இல்லாத சிரப்பும் இந்த வயதில் பலன் தருவதில்லை. சாதாரண வைரஸ் சளி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே அடங்கும்.

அதுவரை பாலூட்டும் முன் ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு சலைன் (உப்புநீர் மூக்குச் சொட்டு) விட்டு, இளகி வரும் சளியைப் பருத்தித் துணியால் துடைத்தால் பிள்ளை நிம்மதியாகக் குடிக்கும். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம்.

கைவைத்தியம் சொல்லும் பாட்டிமாரின் அன்பில் குறையில்லை. ஆனாலும் கற்பூரத் தைலம் வலிப்பு வரவைக்கலாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகலாம். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை உறுத்தும். ஒரு வயதுவரை தேனும் ஆகாது.

விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.