பூட்டிய வீடுகளும் துண்டிக்கப்படும் குழாய்களும்

சொத்து வரி பாக்கி என்றால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற முடிவைக் காவிரி டெல்டாவின் நகர நிர்வாகங்கள் கைவிடுவதாக இல்லை. மார்ச் நெருங்கினால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வந்து எச்சரித்துவிட்டுப் போகிறது. வரியை வசூலிக்கத்தான் வேண்டும். யாரிடம், எதைக் காட்டி மிரட்டி வசூலிக்கிறார்கள் என்பதில்தான் நமக்குக் கோபம்.

திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் ஆராதனைக்கோ திருவிழாவுக்கோ மட்டும் திறக்கும் அக்ரகார வீடுகள் எத்தனையோ. பட்டுக்கோட்டை, பேராவூரணி, பாபநாசம் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீடுகள் ஆளில்லாமல் நிற்கின்றன. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். கேட்பு அறிவிப்பை வாங்க ஆளில்லாததால் பில் கலெக்டர் அதைக் கேட்டில் ஒட்டிவிட்டுப் போகிறார். சென்ற ஆண்டு ஒட்டியது மழையில் ஊறிக் கிழிந்து பசைத்தடம்தான் மிச்சம். அதன் மேலேயே இந்த ஆண்டின் தாள். அந்த வீட்டின் குழாயைத் துண்டித்தால் யாருக்கு வலிக்கும்? அங்கே தண்ணீர் பிடிக்கவே ஆளில்லை. மாதம் 1 விழுக்காடு அபராதமும் அவருக்கு ஒரு பொருட்டல்ல.

வலிப்பது அதே தெருவின் வாடகைக்காரருக்கு. வரி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். மாதம் பிறந்தால் வாடகையைத் தவறாமல் கொடுத்தவரோ குழாய் வறண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு அலைகிறார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவருக்கும், மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கும் இதே கதிதான். ஊரில் குடியிருப்பவரை மட்டுமே தண்டிக்கும் ஆயுதம் இது. இதை வரி வசூல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வரியை நிர்ணயித்த விதத்திலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. 2022 ஏப்ரலில் உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்றார்கள். சதுர அடியை அளந்தவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் 1300 சதுர அடி வீட்டுக்கும், ஆண்டில் சில நாள் திறக்கும் அதே அளவு வீட்டுக்கும் ஒரே உயர்வு. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமோ, அரையாண்டில் 30 நாட்களோ அதற்கு மேலோ காலியாகக் கிடந்த வீட்டுக்கு வரியில் கழிவே தந்தது. இதற்கு நேர்மாறாக, வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. இங்கே வீடு பூட்டிக் கிடப்பதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் ரீடிங்கே காட்டிக்கொடுக்கும். பார்க்கத்தான் மனமில்லை.

ஆட்சி மாறினாலும் கோப்பு எழுதும் மேசை மாறுவதில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத அந்தக் காலத்தில், 2018இல், வரியை ஏற்றினார்கள். அந்த நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்தைப் புரட்டிப் போட்ட பிறகும் உயர்வு நிற்கவில்லை. மறு நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலுக்கு வந்த பிறகு, உயர்வை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் ஈடுசெய்வோம் என்றார்கள். அவசரமாக ஏற்றி அவசரமாக நிறுத்தியதில், வரிசையில் நின்று முதலில் கட்டியவர்தான் ஏமாந்தார்; கட்டாமல் இருந்தவருக்கு நட்டமில்லை. 2022 பிப்ரவரி 19இல்தான் நகர மன்றங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது. ஆறு வாரம் முடிவதற்குள் அடுத்த உயர்வு வந்தது.

ஊரில் இல்லாதவரின் இரண்டாம் வீட்டைத் தனிக் கணக்கில் கொண்டுவர வேண்டும். எந்த விகிதத்தில், எந்தப் பதிவேட்டை வைத்து என்பதை மன்றங்களும் அரசும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் வரியைக் கேட்டு வாங்க ஒரு வழி கண்டாக வேண்டும். அதுவரை, குடியிருப்பவரின் குடிநீர்க் குழாயில் ஒரு அதிகாரியும் கை வைக்கக் கூடாது.