மண்ணுக்குள் கிடந்த போத்தல்

கிணறோ அத்திவாரமோ தோண்டும்போது பழைய கண்ணாடிப் போத்தல்கள் அகப்படுவதுண்டு. பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைக் கையால் செய்து முடித்த பழைய போத்தல். விளிம்புவரை ஏறினால், பெரும்பாலும் அமெரிக்கர் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் தானியங்கிப் பொறியை உருவாக்கியதற்குப் பிந்தியது. கழுத்துக்குள் போளை உருண்டால் சோடாப் போத்தல். 1872இல் இங்கிலாந்தின் ஹைரம் கொட் காப்புரிமை பெற்ற அமைப்பு. போளைக்காகவே சிறுவர்கள் உடைத்துவிடுவதால் முழுசாகக் கிடைப்பது அரிது.

கடும் நீலமோ பச்சையோ நிறமும், உடலில் வரிவரியான மேடுகளும் இருந்தால் எச்சரிக்கை! ஆங்கிலேயர் நஞ்சு அடைத்து விற்ற போத்தல்கள் இப்படித்தான் இருந்தன, இருட்டில் கைபட்டாலே தெரியட்டும் என்பதற்காக. அழகாயிருக்கிறதே என்று கழுவி, அதில் ஸம்ஸம் நீரோ கருஞ்சீரக எண்ணெயோ ஊற்றிவிடாதீர்கள்.

கிடைத்த இடம் பிறர் காணியென்றால், பழம்பொருள் வியாபாரியிடம் விலை பேசுமுன் காணிக்காரரிடம் கேளுங்கள். அது அவருடைய ஹக்.