ஆவுளியாளி பறக்குமா?



பாம்பனில் என் நண்பர் வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கதை எழுதுவதில் கெட்டிக்காரன். போன மாதம் ஒரு நோட்டை நீட்டி, "படிச்சுப் பாருங்க மாமா" என்றான்.

கதையில் ஒரு கிரிஃபின் வந்தது. கழுகுத் தலை, கழுகு இறக்கை, சிங்க உடல் கொண்டதாகக் கிரேக்கர்கள் கதை சொன்ன கற்பனை விலங்கு அது. பனிமலையில் தங்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதன் நண்பன் பெயர் ஜாக்!

"நீ பனிமலை பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. ஆனா, நம்ம ஊர்ல என்ன இருக்கு? கடலும் கருவாடும்தான். அதை வெச்சு யாரு கதை எழுதுவா?" என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனாலும், அந்தப் பதில் மனதை உறுத்தியது.

கிரிஃபின் வெளிநாட்டுச் சரக்கு, தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கற்பனைக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே சாஞ்சி தோரண வாயில்களில் இறக்கை முளைத்த சிங்கங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. நம் சிற்பிகளும் சிங்க உடலோடு யானைத் துதிக்கையைச் சேர்த்து யாளியைப் படைத்தார்கள். ராமநாதபுரம் அருகே உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போனால், யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டையைப் பார்க்கலாம். கைவிட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது!

என் கருத்து இதுதான். அடுத்தவர் படைத்த விலங்கின் பெயரை மட்டும் மாற்றினால், அது நகல். அவர்கள் படைத்த முறையைக் கற்றுக்கொண்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததை அதில் சேர்த்தால், அது உங்கள் சொந்தப் படைப்பு.

அன்று மாலையே இருவரும் கடற்கரையில் உட்கார்ந்தோம். தலைக்கு, மீனைக் கால்களால் பற்றிக்கொண்டு பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகு. உடலுக்கு? "இங்க சிங்கம் ஏது?" என்று யோசித்தவன், "ஆவுளியா!" என்று கத்தினான். கடற்பசுவை அந்தப் பக்க மீனவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஆவுளியாவும் யாளியும் சேர்ந்து 'ஆவுளியாளி' பிறந்தது!

கூடவே வம்பும் பிறந்தது. கடற்கழுகின் எடை சுமார் 3 கிலோ. கடற்பசுவோ 400 கிலோ வரை வளரும். எப்படிப் பறக்கும்? கழுகின் வாய் மீன் கேட்கும். கடற்பசுவின் வயிறு கடற்புல் கேட்கும். எதைத் தின்னும்? கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீருக்கு மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கிவிட்டால்?

"மார்கழியில வாடைக்காற்று பலமா அடிக்கிறப்ப மட்டும்தான் அதால பறக்க முடியும்" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்க அப்பா வலையில மாட்டிக்குது மாமா. வலையை அறுத்தா எங்களுக்கு நஷ்டம். அறுக்கலைன்னா அது மூச்சு முட்டிச் செத்துடும்" என்றான்.

பார்த்தீர்களா! ஜாக்கும் தங்கமும் தராத கதையை, கடலும் கருவாடும் தந்துவிட்டன. இது வெறும் கற்பனையும் அல்ல. சிக்கிய கடற்பசுவுக்காகத் தங்கள் வலையையே அறுத்து, அதைக் கடலில் விட்ட மீனவர்கள் நம் தமிழகக் கரையில் இருக்கிறார்கள்.

எனவே, குட்டீஸ், உங்கள் விலங்குக்கு எத்தனை கொம்பு, எத்தனை இறக்கை என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எங்கே தூங்கும்? எதைத் தின்னும்? எதற்குப் பயப்படும்? எதைச் செய்யவே முடியாது? பலம் படம் வரைய உதவும். பலவீனம்தான் கதையை நகர்த்தும். விடைகளை உங்கள் ஊர் வயலில், மலையில், தெருவில் தேடுங்கள்.

வலையை அறுத்தானா, இல்லையா? அந்தப் பையன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. "எழுதிட்டு இருக்கேன் மாமா, அவசரப்படாதீங்க" என்கிறான். காத்திருக்கிறேன்!