வெயில் ரெடி... வீட்டு வரி யார் பேரில்?

போன வாரம் ஈ.பி. பில் கணக்கு பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான். "பேசாம மாடியில சோலார் போட்டுடலாமா?"

போடலாம். எல்லோரும் அல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் எதிர் வீட்டு அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது நகரத்தை ஒட்டிய ஊராட்சி. பஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிடம்தான், ஆனாலும் பஞ்சாயத்துதான். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். இரண்டு ஏ.சி., போர் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது. பில் ஐயாயிரத்தைத் தொடுகிறது.

நம்மூர் ஈ.பி. கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரைக்கும் பில் வலிக்காது. 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறிக்கொண்டே போகும். அதனால் 200 யூனிட்டுக்குள் பில் வருகிறவர்கள் சோலாரை இப்போதைக்கு மறந்துவிடலாம். போட்ட பணம் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். அக்கா மாதிரி 500-ஐத் தாண்டுகிறவர்களுக்குத்தான் லாபம்.

கணக்கு இதுதான். ஒரு கிலோவாட் பேனல், நம்மூர் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் பன்னிரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும், மாசி பங்குனியில் ஈடுகட்டும். மாடியில் 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மானியம் போக அக்காவின் பணம் நாலைந்து வருஷத்தில் திரும்பிவிடும். பேனலோ இருபத்தைந்து வருஷம் உழைக்கும்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, உடனே போட்டுவிட வேண்டியதுதானே?

அக்காவும் அப்படித்தான் நினைத்தார். மகன் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினான். அதே 3 கிலோவாட்டுக்கு ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் என்றார், இன்னொருவர் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், மூன்றாமவர் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அக்கா என்னைக் கூப்பிட்டு மூன்று தாளையும் நீட்டினார். "ஒரே சாமான் தானே கண்ணு, எதுக்கு இத்தனை வித்தியாசம்?"

உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். முதல் ஆள் பேனலை மாடித் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைப்பார். அப்புறம் அந்த மாடியில் துணி காயாது, வடகம் காயாது, கொசு வலை கட்டிப் படுக்கவும் முடியாது. மூன்றாமவர் எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு, அடியில் நடமாட இடம் விடுவார். இதெல்லாம் கொட்டேஷனில் "ஸ்ட்ரக்சர்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ஒருவர் பேனலின் கம்பெனி பெயரையே எழுதவில்லை. மானியம் வேண்டுமென்றால் நம் நாட்டில் தயாரான செல்லும் பேனலும்தான் பொருத்த வேண்டும். அதைக் கேட்டதும் அவர் விலையை மாற்றிச் சொன்னார்.

சரி, ஒருவரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இணையதளத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் உண்மையான முடிச்சு அகப்பட்டது. ஈ.பி. இணைப்பு, தவறிப்போன வீட்டுக்காரர் பேரிலேயே இருக்கிறது.

விண்ணப்பம் போடுகிறவர் பேரில் இணைப்பு இருக்க வேண்டும், மானியமும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பெயர் மாற்றப் போனால் வீட்டு வரி ரசீது கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் வீட்டு வரி, அக்காவின் மாமனார் பேரில்! அவர் காலமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. வருஷா வருஷம் வரி கட்டியிருக்கிறார்கள், பேர் யாரென்று யாரும் பார்க்கவில்லை. நம் வீடுகளில் எத்தனை ரசீதுகள் இப்படித் தாத்தா பேரில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு தடவை பீரோவைத் திறந்து பாருங்கள்.

மாமனார் வழியில் வாரிசுச் சான்றிதழ், சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் நாத்தனார்களிடம் ஒப்புதல் கையெழுத்து, பஞ்சாயத்தில் வரிப் பெயர் மாற்றம், அப்புறம் வீட்டுக்காரர் வழியில் இன்னொரு வாரிசுச் சான்றிதழ், அதன் பிறகு ஈ.பி. பெயர் மாற்றம். எட்டு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு நாள் அக்கா கோப்பை என் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு, "பில்லே கட்டிக்கிறேன், இந்த அலைச்சல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஒவ்வொரு மேஜையிலும் அடுத்த மேஜையைக் கைகாட்டினார்கள், அவ்வளவுதான்.

பேனல் பொருத்த எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? இரண்டு நாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சோலாரைச் சுலபமாக்க டில்லியும் சென்னையும் செய்யவேண்டியதில் நிறைய நடந்துவிட்டது. 10 கிலோவாட் வரைக்கும், இந்த இணைப்பு தாங்குமா என்று ஆராயும் தனி ஆய்வே தேவையில்லை என்று 2024-ல் விதியை மாற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கிற முடிச்சுகள் நம் தெருமுனையில், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இருக்கின்றன. அவிழ்க்க வேண்டியதும் அங்கேதான்.

பஞ்சாயத்துக்கும் கரன்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற கரன்ட் பில் கழுத்தை நெரித்ததால், 2006-ல் ஊராட்சியே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை ஒன்றரைக் கோடிக்கு மேல். 40 லட்சம் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அப்போது தலைவராக இருந்த சண்முகம் பேர் அதனாலேயே நாடு முழுக்கத் தெரிந்தது. காற்றாலை வேறு, சோலார் வேறுதான். ஆனால் கரன்ட் விஷயம் தன் வேலைதான் என்று ஓர் ஊராட்சி நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாடி சோலாருக்கே உதாரணம் வேண்டுமென்றால் பக்கத்துக் கேரளத்துக்குப் போகலாம். திருச்சூர் மாவட்டத்தில் பெரிஞ்ஞனம் என்ற கடலோரக் கிராமம். வீட்டு மாடி சோலாரைத் தனித்தனி ஆட்களின் தலைவலியாக விடாமல், ஊர்த் திட்டமாகவே பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது. கடனுக்கு உள்ளூர்க் கூட்டுறவு வங்கி கை கொடுத்தது.

இதே யோசனை அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரத்தில் 2009-லேயே ஓடியிருக்கிறது. ஒரு பகுதியின் குடியிருப்போர் அமைப்பு, "தனித்தனியாகக் கொட்டேஷன் வாங்கி ஏன் குழம்ப வேண்டும், சேர்ந்து வாங்குவோம்" என்று ஆரம்பித்தது. ஒப்பந்தக்காரரை ஊர்க்காரர்களின் குழுவே தேர்ந்தெடுத்தது, எல்லோருக்கும் ஒரே விலை, சேர்வதற்கு ஒரு கடைசித் தேதி. 300 பேருக்கு மேல் பேர் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 130 வீடுகளில் பேனல் ஏறிவிட்டது. பிறகு அமெரிக்காவில் ஊர் ஊராக அதே முறையைப் பின்பற்றினார்கள். நமக்கென்ன இது புதுசா? தீபாவளிப் பலகாரச் சீட்டும், மொத்தமாக நெல் வாங்கித் தெருவே பங்கு போட்டுக்கொள்வதும் நம் பாட்டிகள் செய்ததுதானே.

அந்தக் கடைசித் தேதி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "பார்த்துக்கலாம், விலை இன்னும் இறங்கட்டும்" என்று நாம் தள்ளிப்போடுவதற்கு அதுதான் மருந்து.

சூரிய வீடு திட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. தன் எல்லைக்குள் ஏறும் ஒவ்வொரு மாடி சோலாருக்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அது போக, மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் தேர்ந்தெடுத்து ஒரு கோடி ரூபாய் தருகிறார்கள். மக்கள்தொகை 5,000-க்கு மேல் இருக்கிற கிராமங்கள் போட்டியிடலாம். நான் இதைச் சொன்னபோது எங்கள் ஊராட்சியில் கணக்குப் பார்க்கிறவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

அப்படியென்றால் ஊராட்சியிடம் என்ன கேட்பது? பணம் கேட்க வேண்டாம், அவர்களிடமும் இல்லை. ஒரு சனிக்கிழமை கேளுங்கள். சமுதாயக் கூடத்தில் முகாம் போடட்டும். வீட்டு வரிப் பெயர் மாற்ற ஊராட்சிச் செயலர், வாரிசுச் சான்றிதழுக்கு வழிசொல்ல கிராம நிர்வாக அலுவலர், இணைப்புப் பெயர் மாற்ற ஈ.பி. ஆபீஸிலிருந்து ஒருவர், கடனுக்கு வங்கியிலிருந்து ஒருவர் என்று நாலு மேஜையும் ஒரே கூடத்தில். அக்கா எட்டு மாதம் நடந்த தூரம், அந்தக் கூடத்தில் முப்பதடிதான். அடுத்த சனிக்கிழமை, பதிவு பெற்ற மூன்று நிறுவனங்களைக் கூப்பிட்டு ஊர் முன்னால் விலை சொல்லச் சொல்லலாம். சட்டம் எத்தனை அடி, பேனல் எந்தக் கம்பெனி, அடுத்த ஐந்து வருஷம் பராமரிப்புக்கு யார் வருவார்கள் என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். முப்பது வீடு சேர்ந்து கேட்கும்போது வருகிற விலை, அக்கா தனியாகக் கேட்டபோது வராது.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடும், தீர்மானம் எழுதலாம். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேட்கலாம். அடுக்குமாடிக்காரர்களே, உங்களையும் மறக்கவில்லை. லிஃப்ட், மோட்டார் மாதிரிப் பொது உபயோகத்துக்குச் சங்கத்தின் பேரில் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற பஞ்சாயத்தை மட்டும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். மானியம் முன்னால் வராது. பேனல் போட்டு, ஈ.பி.யில் பார்வையிட்டு, நெட் மீட்டர் மாட்டிய பிறகுதான் கணக்கில் ஏறும். அதுவரைக்கும் கைக்காசோ கடனோதான். "மானியத்தை நான் வாங்கித் தர்றேன், முன்பணம் குடுங்க" என்று வாசலில் வந்து நிற்பவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம், கரன்ட் போனால் இந்தப் பேனலும் நின்றுவிடும். பட்டப்பகலில், சுள்ளென்ற வெயிலில்கூட. கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி தனிச் செலவு. இதை முன்பே சொல்லாததால் அக்கா வீட்டில் முதல் பவர் கட் அன்று ஒரே சண்டை.

சண்டை ஓய்ந்துவிட்டது. முதல் பில் வந்த அன்று அக்கா அதை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வந்தார். பின்னாலேயே வந்தன கேள்விகள். தெருக்கோடி டெய்லர் வீட்டில் ஈ.பி. இன்னும் அவர் அம்மா பேரில். மளிகைக் கடைக்காரர் வாங்கிய வீட்டுக்கு வரி பழைய சொந்தக்காரர் பேரில். மூன்றாவது வீட்டில் பேரெல்லாம் சரியாக இருக்கிறது, தென்னை மரம்தான் மாடியில் நிழல் கட்டுகிறது. வெட்ட மனசில்லை என்கிறார், அதுவும் நியாயம்தான்.

அடுத்த கிராம சபைக்கு முகாம் கேட்டு ஒரு மனு தயாராகிறது. எழுதியது நான், தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு அலைவது அக்கா. நேற்று வரைக்கும் இருபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது. யாரும் கேட்காமலே மனுவோடு தன் வீட்டு வரி ரசீதின் நகலையும் பின் குத்தி வைத்திருக்கிறார். இப்போது அது அவர் பேரில் இருக்கிறது.