புல்லுக்கும் விறகுக்கும் ஒரு துப்பாக்கிச்சூடு

ஜாலியன்வாலாபாக் நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். திலாடி தெரியுமா? பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், பர்கோட் அருகே, யமுனைக் கரையில் இருக்கும் ஒரு மைதானம் அது. 1930 மே 30 அன்று அங்கே கூடியிருந்த கிராம மக்கள் மீது டெஹ்ரி கர்வால் சமஸ்தானத்தின் படை சுட்டது. உயிர் பிழைக்க ஆற்றில் குதித்தவர்களும் உண்டு. இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு சிலர் என்பதில் தொடங்கி இருநூறு பேர் வரை ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

அந்த மக்கள் ராஜாவின் நாற்காலியையா கேட்டார்கள்? மாடு மேய்க்க, புல் அறுக்க, விறகு எடுக்க அவர்களுக்குக் காலங்காலமாக இருந்த உரிமையைக் கேட்டார்கள். புதிதாகப் போட்ட வன எல்லையும் விதிகளும் அதைப் பறித்திருந்தன.

வணிகவியல் படிப்பவன் என்பதால் எனக்கு இதில் முதலில் தெரிவது லாப நட்டக் கணக்குதான். ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும், அதற்குத் தேவதாரு வேண்டும். 1864-ல் ஆங்கிலேய அரசு டெஹ்ரி காடுகளை ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1878 வனச் சட்டம் தங்கள் ஆட்சிப் பகுதியில் காட்டையே அரசுச் சொத்தாக்கியது. சமஸ்தானமும் அதே வழியில் போனது. அந்தக் கணக்கில் மரம் வரவு, கிராமத்தான் மாடு நஷ்டம்!

கவனியுங்கள், அன்று படையோடு போனது வெள்ளைக்காரர் இல்லை, திவான் சக்ரதர் ஜுயால். மன்னர் நரேந்திர ஷா அப்போது ஐரோப்பாவில் இருந்தார். ஆள்பவர் யாராக இருந்தாலும், அந்தக் கணக்கு இருக்கும்வரை துப்பாக்கி ஒரே பக்கம்தான் திரும்பும்.

வெள்ளைக்காரர் போனார், சமஸ்தானமும் 1949-ல் போனது. 1927 இந்திய வனச் சட்டம் மட்டும் போகவில்லை! காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலைக் கூட 2017 வரை அது 'மரம்' என்றே வைத்திருந்தது. வனவாசிகளுக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று 2006 வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது. அநீதி என்று ஒப்புக்கொண்ட பிறகும் பழைய சட்டத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

மக்களை விட்டால் காடு அழியும் என்பார்கள். 1973-ல் அதே கர்வால் மலைகளில்தான் சிப்கோ பிறந்தது. கோடரியோடு வந்தது குத்தகைக்காரர்கள். மரத்தைக் காக்க நின்றது புல் அறுக்கும் பெண்கள். காட்டை யாரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.