லெட்டர் இருக்கு சார், அஃபிலியேஷன் இருக்கா?

மாற்றலில் திருவனந்தபுரம் வந்து ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் எனக்கு, தமிழ் பேச வாய்த்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், சாலைக் கடைத்தெருவில் வியாபாரம். போன வாரம் மகனுக்குக் கல்விக்கடன் கேட்டு வங்கிக்கே வந்துவிட்டார்.

"சார், புது கோர்ஸ். ஏஐசிடிஇ அப்ரூவல் லெட்டர் இருக்கு. ரெண்டு லட்சம் கட்டியாச்சு."

"பல்கலைக்கழக இணைப்பு?"

"அது கேஸ்ல இருக்காம். ஜெயிச்சிரும்னு காலேஜ்ல சொன்னாங்க."

நான் பி.காம். இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் ஜெயிக்காத கேஸை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது என்று தெரியும். மறுத்துவிட்டேன். அண்ணாச்சி இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என் கோபம் அவர் மீதல்ல, வழக்கு நடக்கும்போதே ஃபீஸ் வசூலிக்கிறார்களே, அவர்கள் மீது.

கல்லூரிகளின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1995-ல் ஆதியமான் கல்வி நிறுவன வழக்கில், மத்தியச் சட்டத்துக்கு முரணான தமிழக விதிகள் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2000-ல் ஜெய கோகுல் அறக்கட்டளை வழக்கில் கேரள அரசுக்கும் குட்டு. ஏஐசிடிஇ அனுமதித்த பின், 'எங்கள் கொள்கை' என்று அரசு தடுக்க முடியாது. சரியான தீர்ப்புதான். அமைச்சர் மாறினால் மாறும் கொள்கையை நம்பி யார் கட்டடம் கட்டுவார்கள்?

ஆனால் அரசின் கொள்கை வேறு, பல்கலைக்கழகத்தின் தரம் வேறு. பட்டத்தில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகம். இதே ஊரில் இருக்கும் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஏஐசிடிஇ அனுமதித்த புதுப் படிப்புக்கு இணைப்பு தர மறுத்தது. ஜெய் பாரத் கல்லூரி வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: ஏஐசிடிஇ விதியைப் பல்கலைக்கழகம் தளர்த்த முடியாது, ஆனால் அதைவிட உயர்ந்த அளவுகோல் வைக்கலாம்.

எங்கள் பாஷையில் சொன்னால், ரிசர்வ் வங்கி சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் கறாராக இருக்க எந்த வங்கிக்கும் உரிமை உண்டு.

கறார் ஏன் வேண்டும்? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது நினைவிருக்கிறதா? ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்கு! அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரிகளில்தான். அதே வருடம் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. இடம் பெருகுகிறது, ஆசிரியர் எங்கே?

இடைக்கால உத்தரவு வாங்கிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, பிறகு 'மாணவர் எதிர்காலம்' என்று நீதிமன்றத்தில் கண்ணீர் வடிப்பது பழைய வித்தை. பிள்ளைகள் என்ன, பணயக் கைதிகளா?

பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று: மறுப்பதானால் அட்மிஷனுக்கு முன்பே, காரணம் எழுதி மறுங்கள். இழுத்தடித்தால் குற்றத்தில் நீங்களும் பங்காளிகள்.

வெளியூரிலிருந்து போனிலேயே சீட் பேசி முடிக்கும் நம்மவர்களே, பணம் கட்டுமுன் கேளுங்கள்: இந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு, இணைப்பு ஆணை இருக்கிறதா? 'கேஸ் இருக்கு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை கேட்டு எங்கள் கடிதம் கட்டாயம் வரும். பட்டம் வருமா என்பதை அன்றைக்கு யோசித்துப் பயனில்லை.

அண்ணாச்சி, இது உங்களுக்கும்தான். கோபம் தணிந்தால் ஒரு டீ குடிக்க வாங்க.