பொம்மைத் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது?

மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர். புதுக்கோட்டை மாவட்டத்தில் வெயில் ஏற ஏற அம்மன் கோயில் திருவிழாக்களும் களைகட்டும். கடைத்தெருவில் வளையல், ராட்டினம், பஜ்ஜி எல்லாம் தாண்டினால் ஒரு பலகை நிற்கும். அதில் வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு மேஜை, அதன்மேல் பழைய ஏர் கன். பத்து வயதுப் பையனிலிருந்து பேரனைத் தோளில் தூக்கி வரும் தாத்தா வரை எல்லோருக்கும் அங்கே ஒரு முறை நின்று பார்க்கத் தோன்றும்.

முதல் இரண்டு குண்டும் தப்பும். 'துப்பாக்கியை வளைச்சு வெச்சிருக்காங்கடா' என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். அதில் பாதி உண்மையாகவே இருக்கலாம். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்தப்படும் துப்பாக்கியில் குழல் மடங்கும் இணைப்பு தளர்ந்துவிடும். குறிமுள் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் குழல் ஒரு நூல் விலகி உட்காரும். மூன்றாவது குண்டில் பலூனை உடைப்பவன் நல்ல குறிகாரன் என்பதைவிட, இந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்தவன் என்பதே சரி.

அந்தப் பலூன் கடை ஆசை இப்போது செல்போன் திரைக்குள் வந்துவிட்டது. தண்ணீரில் ஊறி உருளும் ஜெல் பந்துகளைச் சுடும் பேட்டரி துப்பாக்கிகள், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு போடும் துப்பாக்கிகள் எல்லாம் ஆன்லைன் கடைகளில் பட்டியல் பட்டியலாக வருகின்றன. நான்கு நண்பர்கள் பணம் சேர்த்து வாங்குவார்கள். இரண்டு வாரம் தோப்பிலும் காலி மனையிலும் கள்ளன் போலீஸ் நடக்கும். மூன்றாவது வாரம் ஒன்று ரிப்பேர். அதற்கு சர்வீஸ் சென்டர் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு திருப்புளி, ஒரு யூடியூப் வீடியோ, நான்கு தலைகள்.

இந்த 6 மில்லிமீட்டர் விளையாட்டுக்கு உலகம் வைத்த பெயர் ஏர்சாஃப்ட். பிறந்தது ஜப்பானில், 1970-களில். பொதுமக்கள் நிஜத் துப்பாக்கி வைத்திருக்கக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடு அது. அதனால் அசல் போலவே தோன்றி, பிளாஸ்டிக் குண்டு மட்டும் துப்பும் துப்பாக்கிகளைச் செய்தார்கள். 1991-ல் டோக்கியோ மருய் நிறுவனம் பேட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு அது குழு விளையாட்டாக உலகம் சுற்றியது. பெயின்ட்பால் போல இதில் சட்டையில் கறை படாது. குண்டு பட்டவன் தானாகக் கையைத் தூக்கி 'பட்டுருச்சு' என்று சொல்லி வெளியேற வேண்டும். நம் ஊர் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்த பிறகும் கிரீஸை விட்டு நகராத பேட்ஸ்மேன்களை வைத்துக்கொண்டு இதை எப்படி ஆடுவது என்பது தனிக் கேள்வி!

வாங்கும்போது எல்லோரும் 'எவ்வளவு தூரம் போகும்' என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது 'எத்தனை ஜூல்' என்பதை. 100 கிராம் எடையுள்ள ஒரு தக்காளியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால், அது தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜூல். 0.2 கிராம் பிளாஸ்டிக் குண்டு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனாலும் அதே ஒரு ஜூல்தான். தக்காளி காலில் விழுந்தால் சிரிப்போம். அதே ஒரு ஜூல் மிளகு அளவுப் புள்ளியில், அதுவும் கண்ணில் இறங்கினால் நிலைமையே வேறு. ஜப்பானில் 6 மி.மீ துப்பாக்கிக்கு 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேலே போனால், போட்டிகளில் 10 மீட்டர் தூரம் சுடும் ஏர் ரைபிள் சுமார் 7 ஜூல். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூலையோ 4.5 மி.மீ குழல் அளவையோ தாண்டும் ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டும். அதற்கும் மேலே, படையினர் பயன்படுத்தும் 5.56 மி.மீ ரைபிளின் தோட்டா சுமார் 1,700 ஜூல்.

அந்தக் கடைசி எண் என்ன செய்யும் என்பது புதுக்கோட்டைக்குத் தெரியும். 2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் இருந்த துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தும், 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அது விளையாட்டு அல்ல, பயிற்சி பெற்றவர்கள் கையில் இருந்த நிஜத் துப்பாக்கி. ஆனால் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி 1 ஜூலுக்கும் 1,700 ஜூலுக்கும் ஒன்றுதான். காலி மனைக்குப் பின்னால் யார் வீட்டுத் திண்ணை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முதல் குண்டு போட வேண்டும்.

கழற்றினால் என்ன தெரியும்?

பேட்டரி துப்பாக்கியின் வயிற்றில் ஒரு கியர் பாக்ஸ் இருக்கும். மோட்டார் சுற்ற, பல் சக்கரங்கள் சுற்றும். அவற்றில் கடைசிச் சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பல். பல் இருக்கும் வரை பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். பல் தீர்ந்த இடம் வந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாயும். முன்னால் இருக்கும் காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் விஷயம். சைக்கிள் பம்ப்பை மோட்டார் வைத்து அடிப்பது மாதிரி.

சைக்கிள் பம்ப் தெரிந்தவருக்குப் பாதி ரிப்பேர் தெரியும். பம்ப்பில் வாஷர் காய்ந்தால் காற்று பின்பக்கம் கசியும் இல்லையா? இங்கே பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங் காய்ந்தாலும் அதேதான். சத்தம் வரும், குண்டு நான்கடியில் விழும். சிலிண்டரைத் தனியே எடுத்து முன் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். எதிர்த்து நின்றால் ஓ-ரிங் நல்லது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் மாற்ற வேண்டும். மோட்டார் சத்தம் மட்டும் வந்து குண்டே வரவில்லை என்றால் பிஸ்டனின் பிளாஸ்டிக் பல் மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சத்தமே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், ஒயர். ஒயர் விட்டுப்போனதை கீழ ராஜ வீதிப் பக்கம் எந்த மொபைல் சர்வீஸ் கடையிலும் சால்டரிங் வைத்துத் தந்துவிடுவார்கள். ஜெல் துப்பாக்கிக்கு இன்னொரு நோய் உண்டு: முந்தின நாள் பந்துகளை மேகஸினிலேயே விட்டுவிடுவது. அவை காய்ந்து பிசின் போல ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் விடும். திருப்புளியால் குத்தக் கூடாது.

கியர் பாக்ஸைத் திறப்பதுதான் சிக்கல். ஸ்பிரிங் சுருங்கிய நிலையில்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் தூக்கிய மறுநொடி அது எகிறும், கூடவே இரண்டு வாஷரும் ஒரு பொடி ஸ்பிரிங்கும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். பழகியவர்கள் பெரிய கண்ணாடி பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் திறப்பார்கள். எகிறினாலும் பைக்குள்தான் விழும். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் போனில் ஒரு போட்டோ. காலி முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக ஸ்க்ரூக்கள். முகத்தில் கண்ணாடி, ரிப்பேர் நேரத்திலும்.

மடக்கும் வகை ஏர் கன்னில் ஸ்பிரிங் இதைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமானது. அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் வீட்டில் கழற்றுவது வேண்டவே வேண்டாம். வீட்டில் செய்யக் கூடிய சோதனை ஒன்று: குழலின் இணைப்பு மேல் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான திசையில் சுட வேண்டும். பேப்பர் பறந்தால் அந்த இடத்து சீல் கசிகிறது. பெல்லட் இல்லாமல் 'சும்மா' சுட்டுப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். எதிரே தடுக்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் முழு வேகத்தில் போய்ச் சுவரில் மோதும். ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போவது இதனால்தான். தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதும் வேண்டாம். அழுத்தத்தில் சூடாகும் காற்றில் அந்த எண்ணெய் டீசல் என்ஜின் போலத் தீப்பிடிக்கும். சத்தம் பலமாக வரும், 'பவர் ஏறிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள். சீல் கருகிக்கொண்டிருக்கும்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியை அதற்கான சார்ஜரில்தான் போட வேண்டும். மெத்தைமேல் வேண்டாம், சிமென்ட் தரையில் போடுங்கள். உப்பிப்போனதைக் குத்தியோ அமுக்கியோ பார்க்காதீர்கள், அது முடிந்துபோன பேட்டரி.

ரிப்பேர் கைவந்ததும் அடுத்த ஆசை, கெட்டி ஸ்பிரிங் போட்டு வேகத்தை ஏற்றுவது. பிளாஸ்டிக் பல் அதைத் தாங்காது, ஒரு வாரத்தில் திரும்பவும் திருப்புளி. அது பரவாயில்லை. கூட ஆடும் நண்பனுக்குத் தெரியாமல் ஒரு ஜூல் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

ஆரஞ்சு முனை

அமெரிக்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளின் வாயில் ஆரஞ்சு நிற முனை இருக்கும், பொம்மை என்று தெரிவதற்காக. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லேண்ட் நகரப் பூங்கா ஒன்றில் 12 வயதுச் சிறுவன் அப்படியொரு துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதில் ஆரஞ்சு முனை இல்லை. ரிப்பேருக்காகக் கழற்றிய நண்பனால் முனையைத் திரும்ப மாட்ட முடியவில்லை என்று பிறகு செய்திகள் வந்தன. போலீஸுக்குப் போன் செய்தவர் 'அநேகமாகப் பொம்மையாக இருக்கலாம்' என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை ரோந்து போலீஸாரிடம் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சிறுவன் சுடப்பட்டான். மறுநாள் இறந்தான்.

நம் ஊர் போலீஸ் அப்படிச் சுடுவதில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அசல் போலத் தோன்றும் துப்பாக்கியோடு ரீல்ஸ் எடுத்தால் சுற்றியிருப்பவர்களுக்குப் பொம்மை என்று எப்படித் தெரியும்? 2016 விதிகள் நகல் துப்பாக்கிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடும் முன் இதை நினைவில் வைக்கவும். கறுப்பு பெயின்ட் அடித்து 'ஒரிஜினல் லுக்' கொண்டுவரும் வேலையும் வேண்டாம். கழற்றிய கலர் முனையை முதலில் மாட்டிவிட்டுத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணில் பட்டுவிட்டால் செய்யக் கூடாதவைதான் அதிகம். தேய்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, அமுக்கிக் கட்டவும் கூடாது. ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் கவிழ்த்து லேசாக ஒட்டி, நேராகக் கண் டாக்டரிடம். வலி இல்லை என்று மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். விளையாடும்போது கூலிங் கிளாஸோ பவர் கண்ணாடியோ பாதுகாப்பு ஆகாது, உடைந்தால் அதுவே உள்ளே போகும். பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும். வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைக்கும் சேர்த்து. ஜெல் பந்தைச் சின்னக் குழந்தை விழுங்கினால் அது குடலுக்குள் ஊதும், எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. என்ன விழுங்கியது என்பதை டாக்டரிடம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பறவைகளும் பலூன் அல்ல. விராலிமலையில் மயில் சர்வசாதாரணமாகத் தெருவில் நடக்கும். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ஏர் கன் என்றாலும் அதே சட்டம்தான்.

நிஜமாகவே குறி பார்க்கும் ஆசை இருக்கும் பிள்ளைக்கு இந்த ஊரிலேயே வழி இருக்கிறது. மன்னர் குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அவர் ஊரில் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சுடும் மன்றமும் உண்டு. ட்ராப் களத்தில் சுடும் இடத்தில் நிற்கும் நேரம் தவிர, துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோர் கண்ணிலும் படும்படிதான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒலிம்பிக் வீரருக்கும் அதே விதிதான், முதல் நாள் பயிற்சிக்கு வந்த சிறுமிக்கும் அதே விதிதான்.